பெயர்களுக்குக் கீழே

செத்துப்போனவர்கள் மேல் போலீஸில் புகார் கொடுக்க முடியுமா என்று மோகன்ராஜ் கேட்டார்.

ஜெயசீலி குறிப்பெடுப்பதை நிறுத்தினாள். வேதாசலம் காபியில் படிந்த ஆடையை ஸ்பூனால் ஓரமாக ஒதுக்கிக்கொண்டிருந்தார்.

"கொடுக்கலாம் சார்," என்றாள் ஜெயசீலி. "சம்மன் கொண்டுபோய்க் கொடுக்கத்தான் ஆள் கிடைக்காது."

மோகன்ராஜ் சிரிக்கவில்லை. சிரிக்கிற நிலையில் அவர் இல்லை. ராஜகீழ்ப்பாக்கத்தில் அவருடைய அப்பா நெல் விளைவித்த இடத்தில் இப்போது மூன்று மாடிக் கட்டடம் நிற்கிறது. மேல்மாடியில் அவருடைய மென்பொருள் நிறுவனம். சன்னலுக்கு வெளியே வேளச்சேரி பஸ்கள் ஹாரன் அடித்துக்கொண்டு போயின.

வேதாசலத்தின் துப்பறியும் நிலையம் மேற்குத் தாம்பரத்தில், ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருந்தது. பெரும்பாலும் மாப்பிள்ளை விசாரணை. மாப்பிள்ளை குடிப்பாரா, வேலை நிஜமா, முன்பே ஒரு கல்யாணம் ஆகியிருக்கிறதா. ஜெயசீலி அங்கே உதவியாளர். ஸ்கூட்டர் ஓட்டுவதும் அவள்தான். வேதாசலம் வண்டி ஓட்டக் கற்றுக்கொள்ளவில்லை. பின்னால் உட்கார்ந்தால்தான் யோசனை ஓடுகிறது என்பார். எதிரே லாரி வரும்போது தனக்கும் யோசனை ஓடுவதாக அவள் சொல்வாள்.

மென்பொருள் வழக்கு இருவருக்கும் புதிது. மோகன்ராஜ் விளக்கினார்.

அவருடைய நிறுவனத்தின் ஒரே பெரிய சரக்கு 'அலைக்குரல்'. காற்று, அலை பற்றிய தகவலை இன்டர்நெட்டிலிருந்து எடுத்து, படகு போகலாமா கூடாதா என்று ஒலிபெருக்கியில் தமிழில் சொல்லும் புரோகிராம். தெற்கே கடலோர ஊர்களில் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. இப்போது அதே புரோகிராம் கோவளத்துக்கு வடக்கே ஒரு மீனவர் குப்பத்தில் இலவசமாகப் பேசிக்கொண்டிருக்கிறது. வைத்தவன் ஹேமநாத் என்று ஒரு கல்லூரி மாணவன். கேட்டவர்களுக்கெல்லாம் சிடியில் போட்டுக் கொடுக்கிறானாம். ஓப்பன் சோர்ஸ் என்கிறானாம்.

திங்கட்கிழமை புகார் போகப் போகிறது. ஹேமநாத் கடைசி வருடம். நல்ல கம்பெனி ஒன்று அவனைக் கல்லூரியிலேயே தேர்ந்தெடுத்து வைத்திருந்தது. புகார் பதிவானால் அந்த வேலை போகும். பட்டமும் சந்தேகம்தான்.

"பாவம்தான்," என்றார் மோகன்ராஜ். "நான் என்ன பண்றது? என் பொருள்."

"உங்க பொருள்னு எப்படிச் சொல்றீங்க?" வேதாசலம் முதல்முறையாக வாயைத் திறந்தார்.

அதற்காகவே காத்திருந்தவர் போல மோகன்ராஜ் நாற்காலியை முன்னே இழுத்துக்கொண்டார். அலைக்குரலில் ஒரு பிழை இருக்கிறது. வருடத்தில் ஒரு நாள் அது ஊமையாகிவிடும். காலையிலிருந்து இரவு வரை ஒரு சத்தமும் வராது. மறுநாள் தானாகச் சரியாகும். முதல் வருடம் ஜூலை கடைசியில் வந்தது. போன வருடம் ஆகஸ்ட் நடுவில். எப்போது வரும், ஏன் வரும் என்று அலுவலகத்தில் எவனாலும் கண்டுபிடிக்க முடியவில்லை. போன வருடம் அதே நாள் குப்பத்து ஒலிபெருக்கியும் ஊமையாக இருந்திருக்கிறது.

"நல்லா எழுதறதுல ரெண்டு பேர் ஒத்துப்போகலாம் சார். தப்பு பண்றதுல ஒத்துப்போக முடியுமா?"

வேதாசலம் தலையாட்டினார். பரீட்சையில் பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதியவன் தப்பையும் சேர்த்து எழுதி மாட்டிக்கொள்கிற கதை. ஜெயசீலிக்கும் அது சரியாகத்தான் பட்டது.

மோகன்ராஜ் ஒரு தாளை நகர்த்தினார். ஹேமநாத் கொடுத்த சிடியிலிருந்து எடுத்த முதல் பக்கம். ஒவ்வொரு கோப்பின் தலையிலும் இதுதான் இருக்கிறதாம். மேலே காப்பிரைட் 2005 என்று ஆங்கிலத்தில். அதன் கீழே பெயர்கள். சின்னதம்பி, அரிகிருஷ்ணன், கிட்டு, கிளியம்மாள், கிளியம்மாள் மகன், ஹேமநாத். வக்கீல் எல்லாவற்றுக்கும் சிவப்பில் அடிக்கோடு போட்டிருந்தார்.

முதல் மூன்று பேரும் கடலில் செத்தவர்கள் என்று அவர் விசாரித்துவிட்டார். கிளியம்மாள் மீன் விற்கிறவள்.

"அஞ்சாவதைப் பாருங்க. கிளியம்மாள் மகன். இது ஒரு பேரா? போலிப் பேரா போட்டு, திருட்டை மறைக்கிறான். 2005ன்னு யார் வேணாலும் அடிச்சுக்கலாம்."

புகாரில் ஆறு பெயர்களையும் சேர்க்க வேண்டும் என்பது வக்கீலின் யோசனை. மோகன்ராஜுக்குச் செத்தவர்கள் விஷயத்தில்தான் தயக்கம்.

அப்போது கதவைத் தட்டிக்கொண்டு ஒரு இளைஞன் கையெழுத்துக்காக வந்தான். மெலிந்தவன். சட்டைக் கையை மணிக்கட்டு வரை பொத்தான் போட்டிருந்தான். மோகன்ராஜ் அவனைத் தோளில் தட்டி அறிமுகப்படுத்தினார். தீனா. அஸ்தினாபுரத்துப் பையன். அலைக்குரலுக்குப் பிள்ளையார் சுழி போட்டதே அவன்தான். வேலைக்கு வந்த புதிதிலேயே கொண்டுவந்து காட்டினானாம். தங்கம் என்றார்.

தங்கம் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றது.

கையெழுத்துப் போட்டபடியே மோகன்ராஜ் புலம்பினார். புதிதாக ஒரு துறைமுகத்தில் அலைக்குரல் திறப்பு விழா. டெல்லி அதிகாரிகள் ஆகஸ்ட் முதல் தேதி என்று குறித்துவிட்டார்கள். "நல்ல ஆடி மாசத்துல. டெல்லிக்காரனுக்கு ஆடி ஏது, ஆவணி ஏது?"

"ஆடி பரவால்ல சார்," என்றான் தீனா. "ஒண்ணாந்தேதி மட்டும் வேணாம்."

"ஏன்?"

"அன்னைக்கு நான் லீவு."

"மார்ச்லயே ஆகஸ்ட்டுக்கு லீவா?" என்றாள் ஜெயசீலி. "கல்யாணமா தம்பி?"

அவன் சிரித்தது போல உதட்டை அசைத்தான். தாளை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

வெளியே வந்ததும் வேதாசலம் பெயர்த் தாளை ஜெயசீலியிடம் கொடுத்துப் படித்து வைக்கச் சொன்னார். பெயர்களுக்குக் கீழே பொடி எழுத்தில் ஆங்கிலம் நெருக்கமாக இறங்கியது.

"இதையெல்லாம் எவன் சார் படிப்பான்? கம்ப்யூட்டர்ல வந்தா சம்மதம்னு அமுக்கிட்டுப் போற சமாச்சாரம்."

நாலாக மடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

*

பொத்தேரியில் ஜிஎஸ்டி சாலையை ஒட்டிய வீடுகளில் பாதிக்கு மேல் மாணவர் விடுதிகள். ஹேமநாத்தின் அறை ஒரு மெஸ்ஸுக்கு மேலே இருந்தது. இரண்டு கட்டில். ஒன்றில் புத்தகங்கள். அது பழைய ரூம்மேட்டின் கட்டில் என்றான்.

ஜெயசீலி ஒரு திருடனை எதிர்பார்த்துப் போயிருந்தாள். திருடன் அவளுக்கு நாற்காலியைத் துடைத்துப் போட்டான். முகத்தில் சவரம் செய்யாத தாடி. மேசையில் செல்போன் அடித்தது. திரையில் அம்மா என்று இருந்தது. அவன் அதைத் திருப்பிப் படுக்கவைத்தான்.

வந்த காரியத்தை வேதாசலம் மறைக்கவில்லை. மோகன்ராஜின் ஆள் என்று சொல்லியே கேட்டார். ஹேமநாத்துக்கு அதில் கோபம் இருந்ததாகத் தெரியவில்லை. ஒரு சிடியை எடுத்து நீட்டினான்.

"எடுத்துட்டுப் போங்க சார். யார் வேணா எடுக்கலாம். மாத்தலாம். விக்கக்கூடச் செய்யலாம்."

"அப்போ மோகன்ராஜ் உன்கிட்டேர்ந்து எடுத்து வித்திருந்தா?"

"தப்பே இல்ல சார். ஒரே ஒரு கண்டிஷன்தான். பேரை எடுக்கக் கூடாது."

அவர் ஆபீஸில் இருக்கும் பிரதியில் பெயர் இருக்கிறதா என்று வேதாசலம் கேட்டார். இல்லை என்றான். எப்படித் தெரியும் என்று கேட்டார். அவன் அந்தப் பழைய கட்டிலில் கிடந்த புத்தகங்களை அடுக்க ஆரம்பித்தான்.

முதலில் எழுதியது யார் என்பதற்கு ஆதாரம் இருக்கிறதா என்றால், இருந்தது. ஒரு இலவச இணையதளத்தில் எல்லோருக்குமாகப் போட்டு வைத்திருந்தான். அந்தத் தளத்தை நடத்தியவர்கள் கடையைக் கட்டிவிட்டார்கள். கோப்புகளும் தேதிகளும் அதோடு போயின.

"யார் மோகன்ராஜ்கிட்ட கொண்டுபோனதுன்னு சொல்லிட்டா உனக்குக் கேஸே இல்லையே?"

"எனக்கு இல்ல. அவனுக்கு?"

சொன்ன பிறகுதான் அவனுக்கே காதில் விழுந்தது. எழுந்து போய்ச் சன்னலைத் திறந்தான். கீழேயிருந்து சாம்பார் தாளிக்கிற வாசனை வந்தது.

குப்பத்துக்கு அவனுக்கு எப்படித் தொடர்பு என்று ஜெயசீலி கேட்டாள். ஒரு சீனியர் கூட்டிக்கொண்டு போனதாகச் சொன்னான். சீனியர் பெயரைக் கேட்டாள்.

"எல்லார் பேரும் பேப்பர்லயே இருக்கு அக்கா."

கடைசியாக வேதாசலம் அந்த ஊமை நாளைப் பற்றி விசாரித்தார். ஹேமநாத் அவரை நேராகப் பார்த்தான். அது பிழை இல்லை என்றான். என்னவென்று குப்பத்தில் கேட்கச் சொன்னான். "அதை நான் சொல்லக் கூடாது சார். அது என் பங்கு இல்ல."

படி இறங்கும்போது செல்போன் மறுபடி அடித்தது. இந்த முறையும் அவன் எடுக்கவில்லை.

"திருடன் மாதிரி இல்லையே சார்," என்றாள் ஜெயசீலி.

"உன் கணக்குப்படி போன மாசம் விசாரிச்ச மாப்பிள்ளைகூட குடிகாரன் மாதிரி இல்ல."

"அவன் எனக்கு நாற்காலி துடைச்சுப் போடல."

*

வண்டலூர் திரும்பி, கேளம்பாக்கம் வழியாகக் கோவளம். வெயில் ஏறிவிட்டது. குப்பத்தில் வலைகள் மணலில் கிடந்தன. கோயில் பக்கம் ஒரு சிமென்ட் கம்பத்தில் ஒலிபெருக்கி.

அவர்கள் போய் நின்ற நேரம் அது பேசியது. காற்று வாடைப் பக்கம் திரும்புகிறது, பொழுது சாய்ந்தபின் சின்னக் கட்டுமரங்கள் போக வேண்டாம். ஒரு பெண்ணின் குரல். அறிவிப்பாளர் குரல் இல்லை. பக்கத்து வீட்டுக்காரியைச் சுவருக்கு மேலாகக் கூப்பிடுகிற குரல்.

"என் கொரலுதான்," என்றாள், காலியான அலுமினியக் கூடையோடு வந்துகொண்டிருந்த பெண். "ஒவ்வொரு வார்த்தையா சொல்லச் சொல்லிப் புடிச்சிகினு போனாங்க. தொண்டையே போச்சு. நீங்க இன்னா, போலீசா?"

கிளியம்மாள். கேளம்பாக்கம் சந்தையில் மீன் விற்றுவிட்டுத் திரும்பியிருந்தாள். போலீஸ் இல்லை என்று வேதாசலம் சொன்னதை அவள் நம்பியதாகத் தெரியவில்லை. ஆனாலும் படகு நிழலில் உட்காரச் சொன்னாள்.

வருடத்தில் ஒரு நாள் இந்த மைக் ஏன் பேசுவதில்லை என்று அவர் கேட்டார். ராஜகீழ்ப்பாக்கத்தில் படித்த பிள்ளைகள் இரண்டு வருடமாக மண்டையை உடைத்துக்கொண்ட கேள்வி. கிளியம்மாள் கூடையைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சொன்னாள்.

"அன்னிக்கு இங்க எவனும் கடலுக்குப் போ மாட்டான் சார். ஆடி அமாசை. எங்கூட்டுக்காரரு, அரிகிருஷ்ணன், கிட்டு, மூணு பேரும் ஒரே மரத்துல போனாங்க. காத்து மாறப்போவுதுன்னு சொல்ல ஆளு இல்ல. மரம் மட்டும் வந்து சேந்துச்சு. அப்பால ஊர்ல கூடிப் பேசி, அந்த நாளு போறதில்லன்னு வச்சிகினாங்க. மனுசன் போவாத நாள்ல மைக்கு இன்னாத்துக்குப் பேசணும்?"

அவளுடைய வீட்டுக்காரர் பெயர் சின்னதம்பி.

ஜெயசீலி கடலைப் பார்த்தாள். அது சும்மா கிடந்தது.

இறந்தவர்கள் பெயரைப் புரோகிராமில் போட்டது யார் என்று வேதாசலம் கேட்டார். கிளியம்மாளே. கம்ப்யூட்டரில் உரிமைக்காரர் பெயர் போட வேண்டும், யார் யார் பெயரைப் போடுவது என்று அந்தப் பொத்தேரிப் பையன் வந்து கேட்டானாம். பாடு பிரிக்கிற மாதிரி, பிடித்த மீனைப் பங்கு போடுகிற மாதிரி பிரித்துப் போடு என்று இவள் சொல்லியிருக்கிறாள். இங்கே வலையில் கை வைத்தவனுக்குப் பங்கு. கடலில் போனவன் வீட்டுக்கும் பங்கு உண்டு, பிள்ளை தலையெடுக்கிற வரைக்கும். அவர்கள் போனதால்தானே இந்த மைக் வந்தது.

"யாருக்குத்தான் பங்கு இல்ல?" ஜெயசீலி விளையாட்டாகக் கேட்டாள்.

"வலைய அறுத்தவனுக்கு இல்ல."

கிளியம்மாள் மகன் என்று ஒரு பெயர் இருக்கிறதே, அது யார் என்று வேதாசலம் கேட்டார். அந்தக் கேள்விக்கு அவள் முகம் மாறியது. பெருமையை மறைக்கத் தெரியாத முகம். அவளுடைய பிள்ளைதான். அந்தப் பையனோடு சேர்ந்து ராவும் பகலுமாக எழுதியவன். அமாவாசை அன்று மைக் வாயை மூட வேண்டும் என்று எழுதியது அவன் கை. பெயரைக் கேட்டபோது, கிளியம்மா மவன் என்று போட்டால் போதும் என்றானாம். ஊரில் அவனை அப்படித்தான் கூப்பிடுவார்கள். இப்போது தாம்பரம் பக்கம் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. அவன் ஆபீஸை அவள் பார்த்ததில்லை. வருகிறேன் என்றால் வேண்டாம் என்கிறான். மீன் நாற்றம் போலிருக்கிறது, என்று சிரித்தாள். ஆனால் ஆடி அமாவாசைக்கு மட்டும் தப்பாமல் வந்துவிடுவான். அப்பனுக்குச் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டுப் போவான்.

ஜெயசீலியின் பேனா நின்றது.

"திங்கக்கெழம அந்தப் புள்ளையைப் புடிச்சிகினு போவாங்களாம், வக்கீலு ஆளு வந்து சொல்லிட்டுப் போனான்," என்றாள் கிளியம்மாள். "எங்களையும் கூட்டிகினு போவாங்களாம். நாங்க வர்றோம், எங்க பேரும்தான கீது. ஆனா அந்தப் புள்ள படிக்கிற புள்ள. எம் மவன் கம்ப்யூட்டர் ஆளு சார். அவன் வந்து ஒரு வார்த்த சொன்னா உட்டுடுவாங்கல்ல?"

வேதாசலம் எழுந்து வேட்டியில் ஒட்டிய மணலைத் தட்டினார். ஜெயசீலி நோட்டை மூடிவிட்டு வண்டிச் சாவியைத் தேடினாள். 

*

கேளம்பாக்கத்தில் டீக்கடையில் வண்டியை நிறுத்தச் சொன்னார். சுவரில் தினசரிக் காலண்டர் தொங்கியது. கடைக்காரரிடம் கேட்டுவிட்டு, தாள்களைக் கட்டாகத் தூக்கி ஆகஸ்ட் முதல் தேதியைத் தேடிப் பிடித்தார். ஜெயசீலி எட்டிப் பார்த்தாள். வெள்ளிக்கிழமை. ஆடி அமாவாசை.

"ஆடி பரவால்ல, ஒண்ணாந்தேதி மட்டும் வேணாம்," என்றாள் மெதுவாக.

"எப்ப வரும்னு எவனுக்கும் தெரியாதுன்னு மோகன்ராஜ் சொன்னார். ஒருத்தனுக்குத் தெரிஞ்சிருந்தது."

"தீனா லீவுன்னு சொன்னான் சார். நிஜமாவே லீவுதான்."

"பொய் சொல்லத் தெரியாத பையன். அதனாலதான் பேசாமலே இருந்துட்டான்."

ஜெயசீலி கைப்பையைத் திறந்து மடித்த தாளை எடுத்தாள். சிவப்புக் கோடுகளைத் தாண்டிப் பொடி எழுத்துக்கு வந்தாள். வக்கீல் அங்கே பேனாவையே வைக்கவில்லை. ஒவ்வொரு வரியாக, வாய்க்குள் தமிழாக்கிக்கொண்டு படித்தாள்.

எடுத்துக்கொள்ளலாம், மாற்றலாம், பிறருக்குக் கொடுக்கலாம், விற்கலாம். மேலே உள்ள பெயர்களில் எதையும் நீக்கக் கூடாது. இந்த அறிவிப்பும் கூடவே போக வேண்டும். அதற்கும் கீழே இரண்டு வரி தனியாக இருந்தது. எங்கள் ஊர் ஆடி அமாவாசையன்று கடலுக்குப் போவதில்லை, ஆகவே அன்று அறிவிப்பு வராது. உங்கள் ஊர் போகுமென்றால், எங்களை மன்னித்து அந்தக் கட்டளையை நீக்கிவிட்டுப் பயன்படுத்துங்கள்.

டீ ஆறியது. காலையிலிருந்து இதைத் தோளில் மாட்டிக்கொண்டு வண்டி ஓட்டியிருக்கிறாள்.

அப்புறம்தான் மற்றது உறைத்தது. தெற்கே அலைக்குரலை நம்பி இருக்கிற ஊர்களுக்கு இந்த வழக்கம் கிடையாது. அங்கே ஆடி அமாவாசையன்று படகுகள் போகும். போன வருடம் போயிருக்கின்றன, ஊமை ஒலிபெருக்கியைக் கேட்டுக்கொண்டு. சத்தம் வராததால் ஆபத்து இல்லை என்று நினைத்துக்கொண்டு. அன்று காற்று மாறவில்லை, அவ்வளவுதான். பெயர்களை அழித்தவன் இந்த இரண்டு வரியையும் சேர்த்து அழித்திருக்கிறான்.

"அவன் அப்பா போன மாதிரியே எவனாவது போயிருப்பான் சார். இவனுக்கு ரெண்டு வருஷமா தெரியும். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"எப்படிச் சொல்வான்? ஏன் ஊமையாகுதுன்னு சொன்னா எந்த ஊர்னு சொல்லணும். எந்த ஊர்னு சொன்னா யார் மகன்னு சொல்லணும்."

"நீங்க சொல்லப்போறீங்களா? மோகன்ராஜ்கிட்ட?"

அவர் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். கடைக்காரரே கழுவிக்கொள்வார் என்று சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

*

மாலையில் ராஜகீழ்ப்பாக்கம் திரும்பியபோது மோகன்ராஜ் வக்கீலோடு போனில் பேசிக்கொண்டிருந்தார். வேதாசலத்தைப் பார்த்ததும் போனை வைத்தார்.

"உங்க சந்தேகம் சரிதான் சார்," என்றார் வேதாசலம். "இது காப்பிதான். எது காப்பிங்கறதுதான் இடம் மாறிப்போச்சு."

சுருக்கமாகச் சொன்னார். ஒரே தப்பு இரண்டு இடத்தில் இருக்கிறது. ஒரு இடத்தில் அதற்குக் காரணம் தெரியாமல் முழிக்கிறார்கள். இன்னொரு இடத்தில் மீன்கூடையைக் கவிழ்த்துப் போட்டுக்கொண்டு காரணம் சொல்கிறார்கள். காரணம் தெரிந்தவர்கள் எழுதினார்கள். தெரியாதவர்கள் எடுத்தார்கள்.

ஜெயசீலி தாளை அவர் முன்னால் வைத்து, சிவப்புக்குக் கீழே விரலை வைத்தாள். மோகன்ராஜ் படித்தார். மறுபடி படித்தார். தாளைக் கவிழ்த்து, அதன் மேல் கையை வைத்துக்கொண்டார்.

தனக்குத் தெரியாது என்றார். அது உண்மை என்று ஜெயசீலிக்குப் பட்டது. வேலைக்கு வந்த புதிதில் ஒரு பையன் இவ்வளவு பெரிய பொருளைக் கொண்டுவந்து வைத்தானே, எங்கிருந்து என்று கேட்டீர்களா என்று அவள் கேட்க நினைத்தாள். கேட்டால் பையன் மாட்டுவான். வாயை மூடிக்கொண்டாள்.

"இப்ப அவங்களுக்கு என்ன வேணுமாம்?" என்றார் மோகன்ராஜ்.

"ஒண்ணும் வேணாமாம். பேர் இருந்தாப் போதும்."

"துறைமுக ஆபீசர் பார்த்தா சிரிப்பான் சார். செத்தவன் பேரு, மீன்காரி பேரு."

"புகார் கொடுத்தா போலீஸும் இந்தத் தாளைப் படிப்பாங்க. கீழ்வரைக்கும். கொடுக்காட்டியும் ஆகஸ்ட் ஒண்ணு வரும். டெல்லி அதிகாரி பொத்தானை அமுக்குவார். அன்னைக்கு ஆடி அமாவாசை."

வெளியே ஒரு பஸ் நின்று, ஆட்களை இறக்கி, கிளம்பிப் போயிற்று. மோகன்ராஜ் வக்கீலைக் கூப்பிட்டார். புகார் வேண்டாம் என்றார். காரணம் சொல்லவில்லை. ஹேமநாத்தின் பட்டம், வேலை, படுக்கவைத்த செல்போன், எல்லாம் அந்த ஒரு வரியில் தப்பித்தன. அது அவனுக்கு இன்னும் தெரியாது.

பிறகு கதவைப் பார்த்துக் குரல் கொடுத்தார். தீனா வந்தான்.

அவனை இங்கேயே, இந்தக் கம்ப்யூட்டரிலேயே உட்காரச் சொன்னார். அலைக்குரலின் கோப்புகளில் தலைப்பில் சேர்க்க வேண்டிய பெயர்கள் கொஞ்சம் இருப்பதாகச் சொன்னார். "அந்தக் குப்பத்துப் பேருங்க. எல்லாத்தையும் போட்டுடு."

தீனா உட்கார்ந்தான். வேதாசலத்தை ஒருமுறை பார்த்தான். வேதாசலம் சன்னலைப் பார்த்தார்.

விசைகள் ஓடின. சின்னதம்பி. அரிகிருஷ்ணன். கிட்டு. கிளியம்மாள். தாளில் உள்ள அதே வரிசை. ஹேமநாத். பிறகு கீழே, எடுத்துக்கொள்ளலாம், மாற்றலாம், விற்கலாம். எங்கள் ஊர் ஆடி அமாவாசையன்று. ஒரு இடத்திலும் கை தடுமாறவில்லை.

தாள் மோகன்ராஜின் கைக்கு அடியில் கவிழ்ந்தே கிடந்தது.

ஜெயசீலி அதை முதலில் கவனித்தாள். மோகன்ராஜ் ஒரு கணம் கழித்து. அவர் கையை எடுத்துத் தாளைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், அந்தச் சட்டைக் கைகளைப் பார்த்தார்.

"நீ அஸ்தினாபுரம்னு சொன்னியே," என்றார்.

"அங்கதான் சார் ரூம்."

"கிளியம்மாள் உனக்கு யாரு?"

"அம்மா."

அதற்கு மேல் அவன் சொன்னது கொஞ்சம்தான். இந்தப் பெயர்கள் இருந்தால் யார் இவர்கள் என்று கேட்பார்கள். அதனால் எடுத்தான். எடுத்த பிறகு எப்படித் திரும்ப வைப்பது என்று தெரியவில்லை. வருடா வருடம் அந்த நாளில் கடற்கரையில் நின்று தெற்கே பார்த்துக்கொண்டிருப்பான்.

மோகன்ராஜ் தாளை மேசையில் நேராக வைத்தார். பிறகு, அந்த அமாவாசைக் கட்டளையை எல்லா ஊரிலும் எடுத்துவிட்டு, ஆபீஸ் சாவியை மேசையில் வைத்துவிட்டுப் போகச் சொன்னார். குரலை உயர்த்தவில்லை. தங்கம் என்று சொன்ன அதே குரல்தான்.

தீனா தலையசைத்தான். பெயர்களைச் சேமிக்கக் கையைக் கொண்டுபோனான்.

"ஒரு பேர் விட்டுப்போச்சு தம்பி," என்றாள் ஜெயசீலி.

"அது வேணாம் அக்கா."

"ஏன்?"

"வலைய அறுத்தவனுக்குப் பங்கு கெடையாது."

முதல்முறையாக அவன் வாயில் குப்பத்துப் பேச்சு வந்தது.  வேதாசலம் சன்னலிலிருந்து திரும்பினார்.

"அது பாடு பிரிக்கிற சட்டம். இங்க நீங்க எழுதின சட்டம் வேற. பேர் எதையும் நீக்கக் கூடாதுன்னு போட்டிருக்கீங்க. உன் பேரை எடுக்கவும் உனக்கு உரிமை இல்ல."

தீனா விசைகளிலிருந்து கையை எடுத்தான். திரையில் கர்சர் மட்டும் துடித்துக்கொண்டிருந்தது.

"அந்தப் பேப்பரைக் குடுங்க அக்கா," என்றான்.

மோகன்ராஜின் முன்னாலிருந்து அவள் தாளை எடுத்துக் கொடுத்தாள். ஐந்தாவது பெயரில் விரலை வைத்துக்கொண்டு, அவன் ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து அடித்தான்.